பாடமாகச் சொல்கிறார்கள், வாசிக்கத் தெரியவில்லை

அன்பின் ஐயா,

கொட்டாஞ்சேனைப் பக்கம் ஒரு பாடசாலையில் தரம் 2 படிப்பிக்கிறேன். 38 பிள்ளைகள். தமிழ்ப் புத்தகத்தில் எந்தப் பாடத்தைத் திறந்தாலும் தண்ணீர் மாதிரி ஒப்புவிக்கிறார்கள். நடுவில் ஒரு சொல்லைத் தொட்டுக் கேட்டால் முழிக்கிறார்கள். சிலர் முதல் வரியிலிருந்து மனதுக்குள் சொல்லிக்கொண்டு வந்துதான் அந்தச் சொல்லைப் பிடிக்கிறார்கள். 247 எழுத்தையும் மறுபடி எழுதவைத்த பிறகே வாசிப்பு என்கிறார் மூத்த ஆசிரியை ஒருவர். கொப்பி நிறைய எழுத்திருந்தால்தான் பெற்றோருக்கும் திருப்தி. 'போகிறார்' என்பதைப் 'போறார்' என்று வாசிப்பது வேறு. என்ன செய்யலாம்?

– ஒரு தரம் 2 ஆசிரியை

அன்பின் டீச்சர்,

முதல் வரியிலிருந்து ஓடி வந்து சொல்லைப் பிடிக்கிற பிள்ளையை நினைத்துச் சிரிப்பு வந்தது. என்ன ஞாபகசக்தி! அந்தப் பிள்ளைக்கு எழுத்துப் பார்க்கவேண்டிய தேவையை நாம் இன்னும் கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.

247 விஷயத்தில் மூத்தவரோடு எனக்கு உடன்பாடில்லை. 12 உயிர், 18 மெய், 216 உயிர்மெய், ஓர் ஆய்தம், கணக்கு சரி. ஆனால் 216ஐயும் ஒவ்வொன்றாகப் பழகவேண்டியதில்லை. அரவு (ா), கொம்பு (ெ), இரட்டைக்கொம்பு (ே) என்று சில குறிகள்தான் வரிசை முழுக்கத் திரும்பத் திரும்ப வருகின்றன. ஒ, ஓ வரிசைக்குத் தனிக்குறிகூடக் கிடையாது, கொம்பும் அரவும் சேர்ந்ததுதான். உ, ஊ வரிசைதான் வில்லங்கம்: கு, சு, நு, மு என்று எழுத்துக்கு எழுத்து உருவம் மாறும். நேரத்தை அங்கே செலவழியுங்கள்.

இன்னொரு சிக்கல் பெரியவர்கள் கண்ணுக்குப் படாது. 'கோ' என்று எழுதினால் கண் முதலில் காண்பது கொம்பை, வாய் முதலில் சொல்லவேண்டியது 'க்' ஒலியை. என் பேத்தி தரம் 1இல் இருந்தபோது 'கோட்டை'யில் இப்படித்தான் தடக்கி நின்றாள். பழைய கலண்டர் அட்டையை வெட்டி, ஒன்றில் இரட்டைக்கொம்பு, ஒன்றில் அரவு எழுதினேன். நடுவில் 'க' அட்டையை வைத்தால் கோ. அதை எடுத்துவிட்டு 'ப' வைத்தால் போ, 'த' வைத்தால் தோ. கொம்பும் அரவும் அசையாமல் இருக்க, நடு அட்டை மட்டும் மாறியது. நாலைந்து தடவைக்குப் பிறகு அட்டைகளை என்னிடமிருந்து பறித்துக்கொண்டாள். 38 பேருக்கு என்றால் மேசைக்கு ஒரு கட்டுப் போதும்.

ஒலிக்கும் கொஞ்சம் பொறுமை வேண்டும். பாண், பஸ் இரண்டுக்கும் முதல் எழுத்து 'ப'தான், ஒலி இரண்டு. இதை விதியாகச் சொல்லி மண்டையைக் குழப்பாதீர்கள். படம், பட்டம் இரண்டையும் பலகையில் எழுதுங்கள். காலிமுகத்திடலில் பறப்பது எது, சுவரில் மாட்டுவது எது என்று கேளுங்கள். ஒரு 'ட்' கூடினால் ஒலி எப்படி இறுகுகிறது என்பதைப் பிள்ளைகளின் காதே சொல்லிக்கொடுக்கும்.

பாடமாக்கியதை உடைக்க மலிவான வழி, கடைசி வசனத்திலிருந்து மேலே வாசிக்கவைப்பது. படத்தையும் கையால் மூடிவிடுங்கள். அதே சொற்களால் நீங்களே புது வசனம் எழுதினால் இன்னும் நல்லது. ஒப்புவிக்க அதில் ஒன்றும் இராது.

'போறார்' என்று வாசித்த பிள்ளையை அதட்டாதீர்கள். பொருள் விளங்கித்தான் வீட்டுப் பேச்சில் சொல்லியிருக்கிறது. "'கி' எங்கே இருக்கு, விரல் வைத்துக் காட்டு" என்றால் தானே திருத்திக்கொள்ளும். 'போகிறார்' இருக்கிற இடத்தில் 'வருகிறார்' என்று சொன்னால்தான் யோசிக்கவேண்டும், அது ஊகம்.

பெற்றோரைப் பற்றி: தரம் 2இலேயே தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சைக் கனவில் இருப்பவர்களோடு வாதாடிப் பயனில்லை. வீட்டுவேலையாக ஒரு பக்கம் எழுத்துக்குப் பதில், வழியில் வாசித்த மூன்று சொற்களை எழுதிவரச் சொல்லுங்கள். கொப்பியும் நிறையும். கொழும்பில் பஸ் பலகையிலும் தெருப் பெயரிலும் தமிழ் இருக்கிறது, எழுத்துப்பிழையோடு என்றாலும். அந்தப் பிழையைப் பிடித்து வருகிற பிள்ளைக்கு ஒரு நட்சத்திரம் கூடுதலாகப் போடுங்கள்.

என் பேத்தி வெகுகாலம் 100ஆம் இலக்க பஸ்ஸை இலக்கத்தைப் பார்த்துத்தான் அடையாளம் கண்டாள். ஒருநாள் வெள்ளவத்தை பஸ் நிறுத்தத்தில் பலகையை விரலால் துழாவிப் பார்த்து, "பாண்... தாத்தா, இது பாண் வாங்கவா போகுது?" என்றாள். பாணந்துறை பஸ் அது. அவள் மிச்சத்தையும் வாசித்து முடிக்கிறதுக்குள் பஸ் போய்விட்டது, அடுத்ததில் ஏறினோம்.