ஆளைப் பார்க்காதீர்கள், தரையைப் பாருங்கள்

கேள்வி: பனியையே பார்க்காத ஊரில் இருக்கிறோம். ஆல்பைன் பனிச்சறுக்குப் பந்தயத்தில் ஒருவர் பின் ஒருவராக ஒரே சரிவில் இறங்குகிறார்கள். எல்லாம் ஒன்றுபோலத்தான் தெரிகிறது. இதில் ரசிக்க என்ன இருக்கிறது?

எனக்கும் முதலில் அப்படித்தான் இருந்தது. எங்கள் பக்கத்து மாட்டுவண்டிப் பந்தயத்தில், பெரிய மாடானாலும் பூஞ்சிட்டானாலும், எது முந்துகிறது என்று சாலையோரம் நிற்கும் குழந்தைகூடச் சொல்லிவிடும். இங்கே எதிராளி கண்ணில் படுவதே இல்லை. கடிகாரம்தான் எதிராளி. இதைப் பார்க்கும் விதத்தை எனக்குக் காட்டிக்கொடுத்தவர் பனியைத் தொட்டே பார்த்திராத என் அப்பா.

அப்பா நாற்பது ஆண்டுகளாக ஆத்தங்குடியில் டைல்ஸ் செய்கிறவர். கண்ணாடிமேல் அச்சை வைத்து, வண்ணக் கலவையை ஊற்றி, அச்சை எடுத்து, மேலே மணலும் சிமெண்டும் போட்டு, காய்ந்ததும் தண்ணீர்த் தொட்டியில் ஊறவைப்பார்கள். பிறகு கல் கண்ணாடியை விட்டுப் பிரியும்போது அந்தக் கண்ணாடியின் வழவழப்பு கல்லுக்கு வந்திருக்கும். ஒரு நாள் வேலை முடிந்து பட்டறைத் திண்ணையில் கைப்பேசியில் பந்தயம் பார்த்துக்கொண்டிருந்தேன். அருகில் வந்து உட்கார்ந்தவர் ஐந்தாறு பேர் இறங்கும்வரை பேசவில்லை. பிறகு கேட்டார்: "இந்தத் தரையை யார் போட்டது?"

யார் முதலிடம், எந்த நாடு என்பதெல்லாம் அவர் கேட்கவில்லை. நான் தேடிப் படிக்கத் தொடங்கியது அந்தக் கேள்விக்காகத்தான்.

வானிலிருந்து விழுந்த பூம்பனியில் உலகக் கோப்பைப் பந்தயம் (ஒவ்வொரு குளிர்காலமும் ஊர் ஊராக நடக்கும் தொடரில் ஒன்று) நடத்தினால் பத்துப் பேர் இறங்குவதற்குள் தடம் குழியாகிவிடும். அதனால் வரிசையாகத் துளை வைத்த குழாய்ச் சட்டத்தைச் சரிவில் அழுத்தி, பனிக்குள் தண்ணீரைப் பாய்ச்சி உறைய வைக்கிறார்கள். மேலே வெள்ளையாகத் தெரிவது பனி, காலுக்குக் கீழே இருப்பது பனிக்கட்டி. அதில் பிடிமானம் வேண்டுமென்றால் சறுக்குக்கட்டையின் எஃகு விளிம்பு கத்திபோல் இருக்க வேண்டும். ஒவ்வொரு வீரருக்கும் இதற்கென்றே ஆள் உண்டு. இரவெல்லாம் அரம் வைத்து ராவி, மெழுகு பூசி, கூர்மை போதுமா என்று நகத்தில் உரசிப் பார்ப்பார். இதைச் சொன்னதும் அப்பா தலையாட்டினார். கண்ணாடியில் கீறல் இருக்கிறதா என்று பார்க்க அவர் கட்டைவிரல் போகும் பாதை எனக்குத் தெரியும்.

அப்படிக் கெட்டியாக்கினாலும் தரை தேயத்தான் செய்யும். அதனால் யார் எத்தனையாவதாக இறங்குகிறார் என்பது பெரிய விஷயம். நெருக்கமாக நட்ட கம்பங்களை வளைந்து வளைந்து கடப்பது ஸ்லாலம்; கம்பங்கள் தள்ளித் தள்ளி இருந்தால் ஜயண்ட் ஸ்லாலம். இரண்டிலும் இரண்டு சுற்று. உலகக் கோப்பையில் முதல் சுற்றின் முதல் 30 பேர்தான் இரண்டாவதற்குப் போக முடியும். அதில் 30ஆவது வந்தவர் முதலில் இறங்குவார், முன்னணியில் இருப்பவர் கடைசியில், எல்லோரும் கிழித்துப்போட்ட தரையில் இறங்குவார். இந்த நியாயம் எனக்கு மிகவும் பிடிக்கும். கம்பங்கள் இன்னும் தள்ளி, வேகம் இன்னும் கூடிய சூப்பர்-ஜி ஒரே சுற்று என்பதால் பின்னால் வருபவருக்கு நம்பிக்கை குறைவு. ஆனால் 2018 பியோங்சாங் ஒலிம்பிக்கில் 26ஆம் எண்ணோடு இறங்கிய செக் நாட்டின் எஸ்தர் லெடெட்ஸ்கா, 0.01 வினாடியில் ஆஸ்திரியாவின் அன்னா ஃபைத்தை முந்தித் தங்கம் வென்றார். எல்லைக்கோட்டைத் தாண்டி, பலகையில் தெரிந்த நேரத்தை நம்ப முடியாமல் அசையாது நின்ற அந்த முகத்தைத் தேடிப் பாருங்கள்.

0.01 வினாடி என்றால் எவ்வளவு? மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் அது 28 சென்டிமீட்டர். எங்கள் பத்து அங்குலக் கல் ஒன்றைவிடச் சற்று அதிகம், அவ்வளவுதான். 2014 சோச்சி ஒலிம்பிக்கில், எல்லாவற்றிலும் வேகமான வகையான டவுன்ஹில்லில், பெண்கள் பிரிவில் சுவிட்சர்லாந்தின் டொமினிக் கிசினும் ஸ்லோவேனியாவின் டினா மாஸேயும் 1 நிமிடம் 41.57 வினாடி என்று ஒரே நேரத்தில் முடித்தார்கள். இரண்டரை கிலோமீட்டருக்கும் மேல் இறங்கிவந்து இருவரும் ஒரே கல்லில் கால் வைத்ததுபோல. இருவருக்கும் தங்கம்; மேடைக்குக் கைகோத்துக்கொண்டே ஏறினார்கள்.

இனி நீங்கள் பார்க்கும்போது சறுக்குக்கட்டையின் அடியிலிருந்து பறக்கும் பனித்தூளைக் கவனியுங்கள். விளிம்பு சுத்தமாக வெட்டிக்கொண்டு போனால் தூள் கொஞ்சமாகத்தான் கிளம்பும். பக்கவாட்டில் வழுக்கினால் விசிறிபோல் எழும். அப்போது வேகம் போகிறது என்று பொருள். அடுத்து, திருப்பம் எங்கே தொடங்குகிறது என்று பாருங்கள். கெட்டிக்காரர் கம்பத்தை எட்டுவதற்கு முன்பே திரும்பத் தொடங்கி, கம்பத்தருகே வரும்போது வேலையை முடித்திருப்பார். தாமதமானால் அடுத்த கம்பத்திலும் தாமதம், அதற்கடுத்ததில் தடத்தைவிட்டே வெளியே. திரையில், வழிநடுவே எடுக்கும் இடைநேரம் பச்சையில் வந்தால் முன்னணி, சிவப்பில் வந்தால் பின்தங்கல். பச்சை எந்த இடத்தில் சிவப்பாகப் போகிறது என்பதை எண் வருவதற்கு முன்பே நீங்கள் சொல்லும் நாள் வரும். எனக்கு அந்த நாள் வந்தபோது பட்டறையே திரும்பிப் பார்க்கும்படி கத்திவிட்டேன்.

என் மனத்துக்கு நெருக்கமானவர் அமெரிக்காவின் மிக்கேலா ஷிஃப்ரின். 18 வயதில் ஒலிம்பிக் ஸ்லாலம் தங்கம் வென்றவர், 2022 பெய்ஜிங்கில் அதே ஸ்லாலத்தில் சில கம்பங்களிலேயே தடம் தவறினார். சறுக்குக்கட்டையைக் கழற்றிவிட்டுச் சரிவின் ஓரத்தில் பனிமேலேயே நெடுநேரம் தலைகவிழ்ந்து உட்கார்ந்திருந்தார். அந்த ஒலிம்பிக்கில் அவருக்கு ஒரு பதக்கமும் இல்லை. அடுத்த ஆண்டே 87ஆவது உலகக் கோப்பை வெற்றியோடு, ஸ்வீடனின் இங்கமார் ஸ்டென்மார்க் 1989 முதல் வைத்திருந்த 86 வெற்றிச் சாதனையைத் தாண்டினார். 2024 நவம்பரில் 100ஆவது வெற்றிக்காக இறங்கியபோது விழுந்து வயிற்றில் ஆழமான காயம். 2025 பிப்ரவரி 23 அன்று இத்தாலியின் செஸ்ட்ரியேரேயில், ஸ்லாலத்தில், அந்த நூறாவதை எடுத்தார். அதை நான் மூன்று முறை பார்த்தேன், மூன்று முறையும் கண் கலங்கியது.

நம் நாட்டு ஆள் இல்லையா என்று கேட்பீர்கள். காஷ்மீரின் ஆரிஃப் கான், பெய்ஜிங் 2022இல் இந்தியாவின் ஒரே வீரராகப் போனார். ஜயண்ட் ஸ்லாலம் நடந்த அன்று பனி கொட்டிக்கொண்டிருந்தது. அத்தகைய வெளிச்சத்தில் நிழல் விழாது. மேடு எது பள்ளம் எது என்று தெரியாது. தரை கண்ணுக்குத் தெரிவதற்காகவே சரிவில் நீலச் சாயம் தெளிப்பார்கள். பெரிய பெயர்கள் பலர் தடம் தவறிய அந்த நாளில் அவர் இரண்டு சுற்றையும் முடித்து 45ஆவதாக வந்தார். வெறும் எண்ணைப் பார்த்து அதைச் சிறிதாக நினைக்காதீர்கள்.

தொடங்குவதற்கு ஆஸ்திரியாவின் கிட்ஸ்பியூலில் நடக்கும் டவுன்ஹில்லைச் சொல்வேன். 3.3 கிலோமீட்டர் தடம், செங்குத்தான இடத்தில் 85 சதவீதச் சரிவு, அதாவது 100 அடி முன்னே போனால் 85 அடி கீழே. 1997இல் ஃபிரிட்ஸ் ஸ்ட்ரோபிள் அதை 1 நிமிடம் 51.58 வினாடியில் இறங்கினார். பொங்கல் கழிந்த ஓரிரு வாரத்தில், நம் நேரப்படி மாலை 4 மணி வாக்கில் வரும். அன்று மட்டும் எங்கள் பட்டறையில் கண்ணாடிகளைக் கழுவி அடுக்கும் வேலையை மூன்றரைக்கே முடித்துவிடுவோம்.