கன்னியாகுமரி மாவட்டத்தில் சாலை விபத்துகள் ஆண்டுக்கு ஆண்டு குறைகின்றனவா? மார்த்தாண்டம் பக்கம் குடியேறலாமா?

கேள்வி கேட்டவர் வெளியூர்க்காரர், வீட்டில் பைக் கேட்டு அடம்பிடிக்கும் மகன் ஒருவன் இருக்கிறான் என்று வைத்துக்கொள்கிறேன். இல்லையென்றால் இப்படி ஒரு கேள்வி வராது. எங்கள் பக்கம் வீடு பார்க்க வருகிறவர்கள் கிணற்றில் தண்ணீர் வற்றுமா என்று கேட்பார்கள், கோயிலோ சர்ச்சோ எவ்வளவு தூரம் என்று கேட்பார்கள். சாலையைப் பற்றிக் கேட்டு நான் பார்த்ததில்லை. அதற்காகவே எழுதுகிறேன்.

தக்கலைக்கும் மார்த்தாண்டத்துக்கும் நடுவே, தேசிய நெடுஞ்சாலை 66-இல் ஒரு வளைவில், 2006 முதல் டயர் கடை வைத்திருக்கிறேன். பெயர்ப்பலகையில்தான் டயர் கடை. உள்ளதைச் சொன்னால் பஞ்சர் கடை. படிப்பு பத்தாம் வகுப்பு. புள்ளிவிவரம் பற்றிப் பேச இவன் யார் என்று தோன்றினால் இத்தோடு நிறுத்திவிட்டு அடுத்த பதிலுக்குப் போகலாம், வருத்தமில்லை. ஆனால் என்னிடம் ஒரு நோட்டு இருக்கிறது. கடன் சொல்லிப் போகிறவர்களின் கணக்கு முன்பக்கம். கடை வாசலில் நான் கண்ணால் பார்த்த விபத்துகள் பின்பக்கம். தேதி, நேரம், மழையா வெயிலா, எந்தெந்த வண்டி, டயர் எப்படி இருந்தது, இவ்வளவுதான் எழுதுவேன்.

இந்தப் பழக்கம் ஓர் அவமானத்தில் தொடங்கியது. ஒரு வேன் பைக்கை இடித்ததை நான் பார்த்திருந்தேன். இழப்பீட்டு வழக்கில் சாட்சி சொல்லக் கூப்பிட்டார்கள், கடையைப் பூட்டிவிட்டுப் போனேன். தேதி கேட்டார்கள். நினைவில்லை, மழைக்காலம் என்றேன். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் உடனே, "எந்த மழை? ஆனி மழையா, ஐப்பசி மழையா?" என்றார். இந்த மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. எல்லோரும் சிரித்தார்கள். காலொடிந்து உட்கார்ந்திருந்த அந்தப் பையன் மட்டும் சிரிக்கவில்லை. அன்று மாலையே நோட்டைத் திருப்பிப் பின்பக்கத்திலிருந்து எழுத ஆரம்பித்தேன். 2012 முதல் எழுதுகிறேன்.

இனி கேள்விக்கு வருகிறேன். விபத்துகள் குறைகின்றனவா என்றால், எந்தக் கணக்கில் என்று திருப்பிக் கேட்க வேண்டியிருக்கிறது. விபத்து எண்ணிக்கை என்பது நடந்த விபத்துகளின் எண்ணிக்கை அல்ல, எழுதப்பட்ட விபத்துகளின் எண்ணிக்கை. என் கடை வாசலில் விழுகிற பத்துப் பேரில் பெரும்பாலானவர்கள் எழுந்து, முழங்கையைத் தட்டிவிட்டு, இடித்தவரிடம் கையில் கிடைத்ததை வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். காவல் நிலையப் படி ஏறுவதில்லை. அதில் ஒருவன் வீட்டுக்குப் போய் மறுநாள் வாந்தியெடுத்து மயங்கி விழுந்தாலும் அது வேறு கதை.

ஒன்றிய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் ஆண்டுதோறும் வெளியிடும் அறிக்கையிலேயே இதைப் பார்க்கலாம். 2022-இல் தமிழ்நாட்டில் 64,105 விபத்துகள், இந்தியாவிலேயே அதிகம். இறந்தவர்கள் 17,884. உத்தரப் பிரதேசத்தில் விபத்துகள் 41,746தான், இறந்தவர்களோ 22,595. அங்கே இரண்டு விபத்துக்கு ஒரு சாவுக்கும் மேல். மனிதர்கள் அங்கே அவ்வளவு மெல்லியவர்களா? சாவு நடந்தால் எழுதாமல் விட முடியாது, சிராய்ப்பை எழுதாமல் விடலாம் என்பதுதான் எனக்குத் தெரிந்த விளக்கம். இந்தப் பக்கம் கேரளத்தைப் பாருங்கள். அதே ஆண்டில் 43,910 விபத்துகள், இறந்தவர்கள் 4,317. நூற்றுக்குப் பத்துப் பேர்கூட இல்லை. தமிழ்நாட்டில் நூற்றுக்கு ஏறத்தாழ 28. எங்கள் எல்லை ஊரான களியக்காவிளையைத் தாண்டினால் கேரளத்துப் பாறசாலை. அதே சாலை, அதே மழை, இரண்டு பக்கமும் ஓடுவது அதே லாரி. 1956 நவம்பர் 1 வரை ஒரே அரசின் கீழ் இருந்த மண். எல்லைக்கோட்டில் மனிதனின் எலும்பு மாறுவதில்லை. எழுதும் பழக்கம் மாறுகிறது. கேரளத்தில் நெரிசல் அதிகம், வேகம் குறைவு, அதுவும் ஒரு காரணம் என்று யாராவது சொன்னால் மறுக்க மாட்டேன்.

சொல்லப்போனால் நெரிசல் என்பது நாம் திட்டுகிற அளவுக்குக் கெட்டதல்ல. 2020 ஊரடங்கில் ஏப்ரல், மே மாதங்களில் என் நோட்டில் ஒரு வரிகூட இல்லை. கடையும் இல்லை என்பது வேறு. நாடு முழுக்க 2019-இல் 4,49,002 விபத்துகள், 2020-இல் 3,66,138 என்று கணக்கு வந்தது. குறைந்துவிட்டது என்று மகிழலாம். ஆனால் நூறு விபத்துக்கு எத்தனை சாவு என்று வகுத்துப் பார்த்தால் 34-இலிருந்து 36 ஆக ஏறியிருக்கிறது. சாலை காலியானது, ஓடியவன் பறந்தான், விழுந்தவன் எழவில்லை. 2018 இறுதியில் மார்த்தாண்டம், பார்வதிபுரம் மேம்பாலங்கள் திறந்தபோது எல்லோரையும் போல நானும் நிம்மதிப் பெருமூச்சு விட்டேன். மார்த்தாண்டம் சந்திப்பைக் கடக்க அரை மணி நேரம் நின்ற நாள்கள் உண்டு. ஆனால் நத்தை வேகத்தில் போகும் பஸ்ஸில் இடித்தால் கண்ணாடி உடையும், அவ்வளவுதான். அந்த அரை மணி நேரத்தை மிச்சம் பிடித்தவன் அடுத்த வளைவில் அதை எப்படிச் செலவழிக்கிறான் என்பதை நான் கடை வாசலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். மேம்பாலமே வேண்டாம் என்று சொல்வதாகத் திரித்துவிடாதீர்கள்.

அதனால் ஆண்டுக்கணக்கைப் பார்க்கிறவர் விபத்து எண்ணிக்கையை விட்டுவிட்டு இறந்தவர்களின் எண்ணிக்கையைப் பாருங்கள் என்று சென்ற வருடம் வரை எல்லோரிடமும் சொல்லிவந்தேன். இப்போது அதையும் உறுதியாகச் சொல்ல வாய் வரவில்லை.

என் அத்தான், அக்காளின் கணவர், குலசேகரம் பக்கம் ஒரு தோட்டத்தில் பால்வெட்டுத் தொழிலாளி. ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவர்கள் வெயில் ஏறும் முன்னே வெட்டி முடிக்க வேண்டும். அதிகாலை நாலரைக்கு மொபெட்டை எடுத்தால்தான் ஐந்துக்கு முதல் மரத்தில் கத்தி வைக்க முடியும். 2023 டிசம்பர் 19. வீடுகளில் கிறிஸ்துமஸ் நட்சத்திரங்கள் எரிந்துகொண்டிருந்த நேரம். பின்னால் வந்த ஏதோ ஒரு வண்டி தட்டிவிட்டுப் போய்விட்டது. மரம் வெட்டும்போது போட்டுக்கொள்ளலாம் என்று நெற்றி விளக்கைப் பையில் வைத்திருந்தார். அது உடையாமல் கிடந்தது. பால் எடுக்க வந்த இன்னொருவர்தான் பார்த்து, 108-க்குப் போன் செய்து, எனக்கும் சொன்னார்.

தொடை எலும்பு முறிவு, தலையில் அடி. காவல் நிலையத்துக்குப் போனேன். "வண்டி எண் தெரியாமல் யார் மேல் எழுதுவது?" என்று கேட்டார்கள். அடையாளம் தெரியாத வாகனம் என்று எழுத இடமுண்டு என்பது எனக்குத் தெரியும். சாட்சிக் கூண்டில் ஏறிய அனுபவத்தில் கற்றது அது ஒன்றுதான். ஆனால் அந்த நேரத்தில் வாதாட நாக்கு எழவில்லை. தூரத்து உறவில் ஒரு வழக்கறிஞர் வந்து நின்ற பிறகு, நாலாம் நாள் எஃப்ஐஆர் ஆனது. எல்லாக் காவலரும் அப்படியல்ல. இரவு இரண்டு மணிக்குச் சாலையில் கிடந்தவரைத் தன் ஜீப்பிலேயே தூக்கிப் போட்டுக்கொண்டு போன ஏட்டையாவையும் இதே வளைவில் பார்த்திருக்கிறேன். எழுதினால் தங்கள் எல்லையில் எண்ணிக்கை ஏறிவிடும் என்ற பயம் எங்கோ இருக்கிறது என்று மட்டும் நினைக்கிறேன். நிரூபிக்கச் சொன்னால் என்னால் முடியாது.

அத்தான் முப்பத்து நான்காம் நாள், 2024 ஜனவரி 22 அன்று, நுரையீரலில் சளி கட்டி இறந்தார்.

விபத்துக் கணக்கில் இறந்தவர் என்றால் விபத்து நடந்து 30 நாளுக்குள் இறந்தவர். அதுதான் வரையறை. உலகம் முழுக்கப் பல நாடுகளில் இதே 30 நாள்தான் என்றும் படித்தேன், நம்மூர்ச் சதி ஒன்றுமில்லை. எங்காவது ஒரு கோடு போட்டுத்தான் ஆக வேண்டும், புரிகிறது. ஆனால் அந்த வரையறைப்படி என் அத்தான் 2023-இன் கொடுங்காயக் கணக்கில் இருக்கிறார். 2023-இல் இறந்தவர்களிலும் இல்லை, 2024-இல் இறந்தவர்களிலும் இல்லை. அக்காளிடம் இதை நான் சொல்லவில்லை. நோட்டில் மட்டும், பார்த்த விபத்துகளையே எழுதுவது என்ற விதியை ஒருமுறை மீறி, டிசம்பர் 19-க்கு நேரே 'காயம்' என்று எழுதியிருந்ததை அடித்துவிட்டு மாற்றி எழுதினேன்.

இடித்துவிட்டு ஓடிய வண்டியால் இறந்தால் 2022 ஏப்ரல் முதல் 2 லட்சம் ரூபாய் இழப்பீடு உண்டு. அதற்கு முன்னால் 25,000தான். அக்காளுக்காக விண்ணப்பித்தோம். எழுதும் இன்றுவரை வரவில்லை. உங்கள் வீட்டில் இப்படி நடக்க வேண்டாம், நடந்தால் முதல் நாளே எஃப்ஐஆர் வாங்குங்கள். எல்லாக் காகிதமும் அதன் வாலைப் பிடித்துக்கொண்டுதான் வருகிறது. எழுதாமல் விட்டால் இன்னொரு கேடும் உண்டு. ஏறத்தாழ 500 மீட்டர் நீளத்துக்குள் மூன்று ஆண்டில் உயிரிழப்போ கொடுங்காயமோ ஏற்பட்ட ஐந்து விபத்துகள், அல்லது பத்துச் சாவு பதிவானால்தான் நெடுஞ்சாலையில் அந்த இடம் கரும்புள்ளி. கரும்புள்ளி ஆனால்தான் ஒளிரும் பலகையும் தடுப்பும் வரும். எங்கள் வளைவுக்கு இன்னும் வரவில்லை. நாங்கள் முழங்கையைத் தட்டிவிட்டுப் போகிற ஊர்.

பதிலை இதோடு முடித்திருக்கலாம். ஆனால் இந்தத் தளத்திலேயே வேறொரு கேள்விக்கு ஒருவர், நெடுஞ்சாலையில் பஞ்சர் கடைக்காரர்களே ஆணி போடுகிறார்கள் என்று எழுதி நூற்றுக்கணக்கானவர்கள் அதை ஆமோதித்திருந்தார்கள். எங்காவது எவனாவது செய்திருப்பான். ஆனால் என் கடையில் மூங்கில் கம்பின் நுனியில் பழைய ஸ்பீக்கர் காந்தம் கட்டி வைத்திருக்கிறேன். காலையில் கடை திறந்ததும் வளைவின் இரு பக்கமும் நடந்து பொறுக்குவேன். கட்டடச் சாமான் ஏற்றிப் போகும் டெம்போவிலிருந்து விழும் ஆணி, லாடம் போல் வளைந்த கம்பித் துண்டு, தகரத் துணுக்கு, எல்லாம் ஒரு பெயின்ட் டப்பாவில் இருக்கிறது. இப்போது எல்லா வண்டியும் டியூப்லெஸ். ஆணி ஏறினாலும் மார்த்தாண்டம் வரை ஓட்டிக்கொண்டு போய் அங்கே பெரிய கடையில் காட்டுகிறான். ஆணி போட்டு நான் பிழைக்க முடியுமா?

டயர் என்று வந்ததால், எனக்கு நன்றாகத் தெரிந்த ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். என் நோட்டில் அதிகம் வருவது நடு மழைக்காலம் அல்ல, முதல் மழை. கோடை முழுக்கச் சாலையில் படிந்த எண்ணெயும் தூசியும் முதல் தூறலில் குழைந்து வழுக்கும். நன்றாகப் பெய்து கழுவிய பிறகு அவ்வளவு மோசமில்லை. மொட்டை டயரோடு அந்த முதல் நாளில் வளைவில் பிரேக் பிடிக்கிறவன் நேராக என் கடைக்குள் வருவான். இரண்டு முறை வந்திருக்கிறார்கள். டயரின் பள்ளங்களுக்குள் சின்ன மேடுகள் இருக்கும். தேய்ந்து தேய்ந்து டயர் அந்த மேட்டுக்குச் சமமாகிவிட்டால் மாற்ற வேண்டும். பின் டயரைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். தமிழ்நாட்டிலேயே படித்தவர்கள் மிகுந்த மாவட்டம் என்று பெருமை பேசுகிறோம், 2011 கணக்கில் எழுத்தறிவு 91.75 விழுக்காடு. அந்த மேட்டைப் படிக்கத் தெரிந்தவர் நூற்றில் எத்தனை பேர் என்று எனக்குத்தான் தெரியும்.

டாரஸ் லாரிகளைப் பற்றிச் சொல்லவில்லையே என்பார்கள். கல்லும் எம்-சாண்டும் ஏற்றிக் கேரளத்துக்குப் போகும் அந்த லாரிகளைப் பற்றி இந்த மாவட்டத்தில் பேசாதவர்கள் இல்லை, எனக்கும் கோபம் உண்டு. ஆனால் என் நோட்டைப் புரட்டினால் லாரி இல்லாமல் விழுந்தவர்கள்தான் கூடுதல். இருசக்கர வண்டியும் இருசக்கர வண்டியும், இருசக்கர வண்டியும் நாயும், இருசக்கர வண்டியும் யாருமில்லாத சாலையும். 2022-இல் நாடு முழுக்கச் சாலையில் இறந்தவர்களில் நூற்றுக்கு 44 பேருக்கு மேல் இருசக்கர வண்டியில் போனவர்கள். ஒரு வளைவை வைத்துக்கொண்டு மாவட்டத்தைப் பேசுகிறான் என்றால், ஆம், என்னிடம் இருப்பது ஒரு வளைவுதான்.

குடியேறலாமா என்றால், தாராளமாக வாருங்கள், நல்ல ஊர், நல்ல தண்ணீர். ஆனால் வீடு பார்க்கப் பகல் பதினொரு மணிக்கு வராதீர்கள், அந்த நேரத்தில் எல்லாச் சாலையும் சாதுவாகத்தான் இருக்கும். அதிகாலை நாலரைக்கு வந்து, வாசலில் பத்து நிமிடம் நின்று, என்ன போகிறது, எவ்வளவு வேகத்தில் போகிறது, எதிரே சைக்கிளிலும் மொபெட்டிலும் வருகிறவர்கள் எப்படி ஒதுங்குகிறார்கள் என்று பாருங்கள். புரோக்கர் அந்த நேரத்தில் வரமாட்டார். தனியாக வரவேண்டியிருக்கும்.