உள்பக்கத் தையலைப் புரட்டிப் பாருங்கள்: ஜப்பானின் பழைய துணிக்கடைகள் பற்றி வாசகர் கேள்விகள்

டோக்கியோவில் ஒரு பழைய துணிக்கடையில், திருப்பூரில் நாங்கள் தைத்து அனுப்பிய போலோ டீ-ஷர்ட் தொங்கியதைப் பார்த்தேன் என்று போன மாதம் இந்தப் பகுதியில் ஒரு வரி எழுதியிருந்தேன். அன்றிலிருந்து கடிதங்கள் ஜப்பானைச் சுற்றியே வருகின்றன. செக்கிங் டேபிளில் சேர்ந்து, ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சன்டைசராக முடித்தது வரை 24 வருடம் பனியன் கம்பெனியில் இருந்தவள் நான். எங்களிடம் துணி வாங்கும் பையர் வேலையாக நான்கு முறை ஜப்பான் போனேன். கிடைத்த அரை நாள், ஒரு நாள் ஓய்வையெல்லாம் இந்தக் கடைகளில்தான் கழித்தேன்.

அக்கா, ஏப்ரலில் நானும் வீட்டுக்காரியும் டோக்கியோ, ஒசாகா போறோமுங்க. எட்டு நாள் இருப்போம். பழைய துணிக்கு எந்தப் பக்கம் போகலாம்?
– பெருந்துறை வாசகர்

பழைய உடுப்புக்கு அங்கே 'ஃபுருகி' என்று பேர். தெருத் தெருவாகச் சின்னக் கடைகள் பார்க்க ஆசை என்றால் டோக்கியோவில் ஷிமோகிதசாவா, கோயென்ஜி. ஷிபுயாவில் இனோகாஷிரா லைன் எக்ஸ்பிரஸ் ஏறினால் அடுத்த நிறுத்தமே ஷிமோகிதசாவா. காலை டிபன் முடித்த கையோடு போய் நிற்காதீர்கள், பல கடைகள் 11 மணி, 12 மணிக்குத்தான் திறக்கும். எனக்குப் பிடித்தது கோயென்ஜி. நெருக்கடி குறைவு, நின்று நிதானமாகப் புரட்டலாம். ஷின்ஜுகுவிலிருந்து சூவோ லைன். ஆனால் சனி, ஞாயிறில் ரேபிட் ரயில் கோயென்ஜியில் நிற்காது, மஞ்சள் கோடு போட்ட ரயிலில் ஏறுங்கள். ஒசாகாவில் ஷின்சாய்பாஷி பக்கத்திலேயே அமெரிக்கமுரா என்ற பழைய துணிக்கடைப் பகுதி இருக்கிறது.

பெரிய டிசைனர் பெயர்கள் வேண்டுமென்றால் அதற்குத் தனிக் கடைகள் உண்டு. ராக்டேக் என்ற கடையில் ஜப்பானிய டிசைனர் உடுப்புகள் நிறைய வரும். கைப்பை, கடிகாரத்துக்கு 1947-ல் நகோயாவில் தொடங்கிய கோமெஹ்யோ. விலை குறைவாகத் தேட செகண்ட் ஸ்ட்ரீட், ஊருக்கு ஊர் கிளை இருக்கும். எட்டு நாளில் இரண்டு மதியம் இதற்கு ஒதுக்குங்கள், போதும்.

ஒன்று மறக்கக் கூடாது. பேரம் கிடையாது. திருப்பூர் காதர்பேட்டைத் துணிச் சந்தையில் கேட்கிற மாதிரி 'கடைசி விலை சொல்லுங்க' என்று கேட்டால் கடைப்பிள்ளைகள் சங்கடப்பட்டு நிற்பார்கள்.

பிராண்டு கைப்பைன்னாலே நம்ம பக்கம் காப்பிதான். பழசுன்னு சொல்லி அங்கேயும் போலியை வித்துட மாட்டாங்களா?
– ஈரோடு வாசகி

நியாயமான பயம். அங்கே பழைய பொருள் வாங்கி விற்க 1949-லேயே தனிச் சட்டம் வந்துவிட்டது. காவல் நிலையம் வழியாக விண்ணப்பித்து உரிமம் வாங்காமல் தொழில் செய்ய முடியாது. விலை கூடிய பொருளை யார் விற்க வந்தாலும் அடையாளம் சரிபார்த்துப் பதிவு வைக்க வேண்டும். போலி பிராண்டுப் பொருளைத் தடுக்க 1998-ல் வியாபாரிகளே ஒரு சங்கமும் வைத்தார்கள். அதனால் உரிமம் உள்ள பெரிய கடையில், பில்லோடு வாங்குகிற வரைக்கும் போலியைப் பற்றி நான் அதிகம் கவலைப்பட மாட்டேன். தெருவில் வந்து கூப்பிடுகிறவர் பின்னால் மட்டும் போகாதீர்கள்.

நான் கவலைப்படுவது பொருளின் நிலையைப் பற்றி. அசல் பையே கெட்டுப்போயிருக்கலாம்.

ஒவ்வொரு பொருளிலும் ஒரு ரேங்க் போட்டிருப்பார்கள். எஸ் என்றால் புதிது போல, ஏ நல்ல நிலை, பிறகு ஏபி, பி, சி என்று இறங்கும். கடைக்குக் கடை அளவுகோல் மாறும், அதனால் எழுத்தை மட்டும் நம்பக் கூடாது. அதன் கீழே ஜப்பானிய மொழியில் குறையைத் தனியாக எழுதியிருப்பார்கள். அதுதான் முக்கியம். ஷிமி என்றால் கறை, அனா என்றால் ஓட்டை, ஹோட்சுரே தையல் பிரிந்தது, கெதமா நூல் உருண்டது. போன் கேமராவைக் காட்டினால் மொழிபெயர்த்துச் சொல்லிவிடும். செக்கிங் டேபிளில் குறை இருக்கும் இடத்தில் நாங்கள் அம்பு ஸ்டிக்கர் ஒட்டுவோம். அந்த ஸ்டிக்கரோடு பீஸை வாடிக்கையாளர் கையிலேயே கொடுத்தால் எப்படி இருக்கும்? அப்படித்தான் இந்த டேக். இந்த நேர்மைக்காகவே எனக்கு அந்தக் கடைகள் மேல் மரியாதை.

ஆனால் முதல் பயணத்தில் அதை நான் படிக்கவில்லை. ஒசாகாவில் ஒரு கடையில் பேர்பெற்ற பிராண்டு கைப்பை, 38,000 யென். வெளித்தோல் கீறல்கூட இல்லாமல் இருந்தது. டேக்கில் 'பெதாட்சுகி' என்று எழுதியிருந்ததாம், ஒட்டுகிறது என்று அர்த்தம். சூலூர் வீட்டுக்கு வந்து மே மாதம் ஒரு கல்யாணத்துக்காக எடுத்தபோது உள் பாக்கெட் பலாப்பிசின் மாதிரி கையில் ஒட்டியது. பணத்தாளும் மொய்க் கவரும் அதில் ஒட்டிக் கிழிந்தன. உள்துணிக்குப் பூசிய பாலியூரித்தேன் காற்றில் உள்ள ஈரத்தால் வருடக்கணக்கில் சிதைந்து இப்படி ஆகிறது. துடைத்தால் போகாது, உள்துணியையே மாற்ற வேண்டும். அதே சரக்கில் செய்த ஷூ அடிப்பாகம் நடக்க நடக்கப் பொடியாக உதிரும். அதனால் அம்மிணி, பையை வெளியே பார்ப்பதற்கு முன் உள் பாக்கெட்டில் இரண்டு விரலை விட்டுப் பாருங்கள். முகர்ந்தும் பாருங்கள். முதலைத் தோல், மலைப்பாம்புத் தோல் பைகள் விலை குறைவாகக் கண்ணில் படும், தொடவே வேண்டாம். வனவிலங்குப் பொருளுக்கான அனுமதிச் சீட்டு இல்லாமல் எல்லை தாண்டினால் பறிமுதல் ஆகும்.

பொள்ளாச்சியில் காலேஜ் படிக்கிறேன் அக்கா. எனக்கு எப்போதும் எல் சைஸ். ஜப்பானில் கிடைக்குமா?
– பொள்ளாச்சி வாசகி

கிடைக்கும் கண்ணு. ஆனால் லேபிளில் இருக்கும் எழுத்தைப் பார்க்காதே, அவர்கள் எல் நமக்கு எம் மாதிரிதான் வரும். உனக்குச் சரியாக இருக்கும் குர்த்தி ஒன்றைத் தரையில் விரித்து, தோள், அக்குளுக்கு அக்குள் அகலம், உயரம், கை நீளம் நான்கையும் சென்டிமீட்டரில் அளந்து போனில் வைத்துக்கொள். பல கடைகளில் டேக்கிலேயே அதே நான்கு அளவும் இருக்கும். போட்டுப் பார்க்கும் அறைக்குச் செருப்பைக் கழற்றிவிட்டுப் போ. முகத்தில் மாட்ட மெல்லிய உறை ஒன்று தருவார்கள். மேக்கப் துணியில் படாமல் இருக்க அது. பழைய துணியைத் திருப்பி எடுப்பது பெரும்பாலும் இல்லை, அதனால் போட்டுப் பார்க்காமல் வாங்காதே.

பனியன் கம்பெனிக்காரனுக்கு அங்கே பார்க்க என்னங்க இருக்கு?
– திருப்பூர், அனுப்பர்பாளையம் வாசகர்

இந்தக் கடிதத்துக்காகவே இந்த மாதப் பகுதியை ஜப்பானுக்கு ஒதுக்கினேன் என்று சொல்ல வேண்டும்.

வாகயாமா என்று ஒரு மாநிலம், ஒசாகாவுக்குத் தெற்கே. அங்கே இன்னும் 'ட்சுரிஅமி' என்ற பழைய வட்டப் பின்னல் இயந்திரங்கள் ஓடுகின்றன. இயந்திரம் உத்தரத்திலிருந்து தொங்கும். பின்னிய துணி தன் எடையிலேயே கீழே இறங்கும், எந்த உருளையும் அதை இழுக்காது. மணிக்குச் சுமார் ஒரு மீட்டர்தான் வரும். நம் நிட்டிங் யூனிட்டில் இந்த வேகத்தைச் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். ஆனால் நூல் இழுபடாமல் பின்னப்படுவதால் துணியில் காற்று தங்கி மெத்தென்று இருக்கிறது, பல சலவைக்குப் பிறகும் உருக்குலைவதில்லை. குழாயாகவே வருவதால் பாடிக்குப் பக்கத் தையல் கிடையாது, நம் அப்பாக்கள் போட்ட கைவைத்த பனியன் மாதிரி. 1999-ல் தொடங்கிய லூப்வீலர் என்ற நிறுவனம் இந்தத் துணியில்தான் ஸ்வெட்ஷர்ட் செய்கிறது, டோக்கியோவில் செந்தகாயாவில் கடை. புதிது விலை அதிகம். பழைய கடையில் ஒன்று அகப்பட்டால் விடாதீர்கள். வாங்காவிட்டாலும் புரட்டி, விரலால் தடவிப் பாருங்கள்.

இன்னொன்று, பழைய அமெரிக்க டீ-ஷர்ட். ஜப்பானியர் இவற்றை நகை மாதிரிச் சேர்க்கிறார்கள், விலையும் அப்படி. 1990-களின் நடுவரை வந்த பலவற்றில் கையிலும் அடிமடிப்பிலும் ஒற்றை ஊசித் தையல்தான் ஓடும், பிறகுதான் இரட்டை ஊசி பரவியது. கடைக்காரர் வயது சொன்னால் நீங்கள் மடிப்பைப் புரட்டிப் பாருங்கள். இந்த ஒரு விஷயத்தில் உலகத்தில் எந்த வாடிக்கையாளரைவிடவும் திருப்பூர்க்காரர் கண் கூர்மை.

போன மாதம் சொன்ன போலோவும் அப்படித்தான் அகப்பட்டது. ஷிமோகிதசாவாவில் ஒரு கடை, நீல நிறம், பி ரேங்க், 1,900 யென், நம் பணத்தில் ஆயிரத்துச் சொச்சம். பழக்கதோஷத்தில் பக்கத் தையலைப் புரட்டினேன். கேர் லேபிளில் எங்கள் ஸ்டைல் நம்பர், நானே ஷீட்டில் ஏற்றியது. ஏழெட்டு வருடம் யாரோ உடுத்தித் துவைத்திருக்கிறார்கள். காலர் ரிப் அலையடிக்கவில்லை, பிளாக்கெட் என்கிற பட்டன் பட்டை முறுக்கவில்லை, ஒரு பட்டன்கூடப் போகவில்லை. அந்த லைனில் காஜா பட்டன் போட்ட பெண்களை நினைத்துக்கொண்டு அங்கேயே கொஞ்ச நேரம் நின்றேன். வாங்கி வந்து அவர்களிடம் காட்டினேன்.

பிளீட்ஸ் பிளீஸ் உடுப்பு பழசாக வாங்கினால் மடிப்பு கலைந்திருக்காதா?
– கோவை, ஆர்.எஸ்.புரம் வாசகி

மடிப்பு வைத்த துணியை வெட்டித் தைப்பதுதான் ஊர் வழக்கம். ஜப்பானிய டிசைனர் இஸ்ஸே மியாகே அதைத் திருப்பிப் போட்டார். இரண்டரை, மூன்று மடங்கு பெரிதாக வெட்டித் தைத்த பிறகு, உடுப்பு முழுவதையும் மடித்துச் சூட்டில் அழுத்துவார்கள். பாலியஸ்டர் அந்தச் சூட்டில் வாங்கிய மடிப்பை விடாது. 1993-ல் இது பிளீட்ஸ் பிளீஸ் என்ற தனி வரிசையாக வந்தது. பழசில் பின்புறம் உட்காரும் இடம், முழங்கை, அக்குள் மூன்றையும் பாருங்கள், விரிந்திருந்தால் அங்கேதான் விரிந்திருக்கும். யாராவது தெரியாமல் இஸ்திரி போட்டிருந்தால் அந்த இடம் தட்டையாகப் பளபளக்கும், அதை வீட்டில் சரிசெய்ய முடியாது. கோவைக் காற்றுக்கு இந்த உடுப்பு நன்றாக ஒத்துவரும். சித்திரை வெயிலில் எனக்குக் காட்டன்தான்.

வரி திரும்பக் கிடைக்குமா?
– தாராபுரம் வாசகர்

அங்கே விற்பனை வரி 10 சதவீதம். டாக்ஸ் ஃப்ரீ பலகை உள்ள கடையில், ஒரே நாளில் வரி நீங்கலாக 5,000 யெனோ அதற்குமேலோ வாங்கினால் சுற்றுலாப் பயணிக்கு அந்த வரி இல்லை. அசல் பாஸ்போர்ட் கையில் வேண்டும், ஜெராக்ஸ் செல்லாது. 2026 நவம்பர் 1 முதல் முறை மாறுகிறது: கடையில் வரியோடு கட்டிவிட்டு, ஊர் திரும்பும்போது சுங்கத்தில் சரிபார்த்த பிறகு பணம் திரும்ப வரும். பொருளைக் காட்டச் சொன்னால் காட்ட வேண்டும், அதனால் பெட்டியைப் போடும் முன் அந்த வேலையை முடியுங்கள். நம் விமான நிலையத்திலும் விலை கூடிய பையின் பில்லை மறைக்காதீர்கள்.

பழைய கிமோனோ ஒன்று வாங்கிவர ஆசை. ஆனால் எங்க அத்தை, 'யாரோ உடுத்தினதை நம்ம வீட்டுக்குள்ள எதுக்கு' என்கிறார். முப்பது வருடமாக ஜாக்கெட் தைக்கிறவர் அவர். என்ன சொல்லிப் புரிய வைக்கட்டும்?
– கோபி வாசகி

அத்தை சொல்வதை ஒதுக்கிவிடாதீர்கள். நம் பக்கம் அடுத்தவர் உடுத்தினது என்றால் இல்லாமையோடும் இழவோடும் சேர்ந்தே நினைவுக்கு வரும், அந்தத் தலைமுறை அதை நேரில் பார்த்தது. ஆனால் எங்கள் அமுச்சியின் பழைய நூல் சேலையில்தான் எனக்கும் என் தம்பிக்கும் தூளி கட்டினார்கள். நைந்த சேலையைவிடக் குழந்தைக்கு இதமான துணி கிடையாது என்பார் அமுச்சி.

கிமோனோவும் இப்படிக் கைமாறுகிற துணிதான். சுமார் 36 சென்டிமீட்டர் அகலம், 12 மீட்டர் நீளமுள்ள ஒரே சுருள் துணியில், நேர்கோடாக மட்டும் வெட்டித் தைப்பார்கள். வளைத்து வெட்டுவதே அனேகமாக இல்லை. அதனால் தையலைப் பிரித்தால் மறுபடி நீள நீளத் துண்டுகளாகிவிடும். அப்படிப் பிரித்து, துண்டுகளைச் சேர்த்துத் துவைத்து, விறைப்பாக நீட்டிக் காயவைத்து, மகள் அளவுக்குத் திரும்பத் தைக்கிற முறைக்கு 'அராய்ஹாரி' என்று பேர். தாயிடமிருந்து மகளுக்கு இப்படித்தான் போகிறது.

கியோட்டோ போனால் மாதம் 21-ம் தேதி தோஜி கோயிலிலும், 25-ம் தேதி கிதானோ தென்மாங்கு கோயிலிலும் சந்தை கூடும், நம் தேர்க்கடை மாதிரி. பழைய கிமோனோக்களைக் குவித்துப் போட்டிருப்பார்கள். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து கழுத்துப்பட்டை, கைவாய் இரண்டிலும் கறை பாருங்கள். மடிப்பு ஓரத்தை மெதுவாக இழுத்துப் பாருங்கள், பட்டு இற்றுப்போயிருந்தால் அங்கேதான் முதலில் விடும். வீட்டில் தண்ணீரில் போடாதீர்கள், பட்டு சுருங்கும், சாயம் இறங்கும். நிழலில் இரண்டு நாள் காற்றாட விரியுங்கள்.

அதன் பிறகு அத்தையிடம் பூ வேலையைக் காட்ட வேண்டாம். உள்பக்கத்தைத் திருப்பி, அந்தக் கைத்தையலை முதலில் அவர் கையில் கொடுங்கள்.