டோப்ரி ஜூரோவ் துரோகியா?

"28 வருஷம் தோதோர் ஷிவ்கோவின் கீழே பல்கேரிய ராணுவ அமைச்சராக இருந்துவிட்டு, கடைசியில் அவரையே கவிழ்த்த டோப்ரி ஜூரோவ் துரோகிதானே?" என்று கேட்டிருக்கிறீர்கள். ஷிவ்கோவ் பல்கேரியாவை ஆண்ட கம்யூனிஸ்ட் கட்சியின் தலைவர். ஏதோ தேர்வுக்குப் படிக்கும்போது இந்தப் பெயர் கண்ணில் பட்டிருக்கும் என்று நினைக்கிறேன். எனக்கு அது புத்தகத்துப் பெயர் இல்லை. 1989இல் பல்கேரியத் தலைநகர் சோஃபியாவில் நான் மாணவன். அதனால்தான் அந்தக் கடைசிச் சொல் தைத்துவிட்டது.

முதலில் ஆளைப் பற்றி. 1916இல் த்ரோயான் பக்கத்து வ்ராபெவோ கிராமத்தில் பிறந்தவர். இரண்டாம் உலகப் போரின்போது மலைக்காடுகளில் சண்டையிட்ட 'சாவ்தார்' கெரில்லாப் படையின் தளபதி. 1962இல் ராணுவ அமைச்சரானவர் 1990 வரை அதே நாற்காலியில் இருந்தார். 1968இல் செக்கோஸ்லோவாக்கியாவுக்குள் பல்கேரியப் படைகள் நுழைந்தபோதும் அமைச்சர் அவர்தான். மகனுக்கும் சாவ்தார் என்றுதான் பெயர். பாராசூட் வீரரான அந்தப் பையன் 1972இல், 26 வயதில், விமான விபத்தில் இறந்துபோனார்.

இதைச் சொன்னதுமே "நீ கம்யூனிஸ்டா?" என்று கேட்டு வருவீர்கள். இல்லை. செக்கோஸ்லோவாக்கியத் தலைநகர் பிராக்கின் தெருவில் டாங்கி நின்றதற்கு அவரும் பொறுப்புதான். துருக்கிய மொழி பேசிய பல்கேரியர்களின் பெயர்களை வலுக்கட்டாயமாக மாற்றி, 1989 கோடையில் 3 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் துருக்கிக்குப் போகும்படி செய்த அரசிலும் அவர் இருந்தார். இதையெல்லாம் நான் மூடி மறைக்கவில்லை. ஆனால் துரோகி என்ற சொல்லைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

நவம்பர் 10. பெர்லின் சுவர் திறந்த மறுநாள். ஹாஸ்டல் டிவியில் ஷிவ்கோவின் முகத்தைக் காட்டினார்கள். 35 வருஷம் கட்சியை ஆண்ட மனிதர், தனக்கு நன்றி சொல்லி வழியனுப்புவதைக் கேட்டுத் திகைத்துப்போய் உட்கார்ந்திருந்தார். "பதவியை விட்டு விலகுங்கள்" என்று அவரிடம் நேரில் போய்ச் சொன்னவர்களில் ஜூரோவும் ஒருவர் என்பது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. ராணுவத்தைக் கையில் வைத்திருந்தவர் அந்தப் பக்கம் நின்றதால்தான் ஒரு துப்பாக்கிகூட வெடிக்காமல் அது முடிந்தது.

நான் சொல்ல வந்தது டிசம்பர் 14ஆம் தேதியை. கட்சிக்குத் தலைமை உரிமை கொடுக்கும் அரசியல் சட்டத்தின் முதல் பிரிவை நீக்கச் சொல்லி நாடாளுமன்றத்துக்கு முன்னால் பெருங்கூட்டம். அந்த மஞ்சள் கல் பாவிய சாலையில் நானும் நின்றேன். வகுப்புத் தோழி ஒருத்தி கூட்டிப் போயிருந்தாள். குளிரில் என் விரல்கள் விறைத்துப்போனதைப் பார்த்து, தன் கம்பளிக் கையுறையில் ஒன்றைக் கழற்றிக் கொடுத்தாள். ஆளுக்கு ஒரு கையில் கையுறை, இன்னொரு கை கோட்டுப் பைக்குள். அவள் தம்பி அப்போது கட்டாய ராணுவச் சேவையில், டாங்கிப் படையில் இருந்தான். "கூப்பிட்டால் அவனும்தானே வருவான்" என்றாள். அதற்கு மேல் பேசவில்லை.

ஷிவ்கோவுக்குப் பதில் வந்த புதிய தலைவர் பீட்டர் ம்லாதெனோவ் வெளியே வந்து பேச முயன்றார். கூட்டம் கூச்சலிட்டது. திரும்பும்போது பக்கத்திலிருந்த ஜூரோவிடம், "டாங்கிகள் வருவதே நல்லது" என்றார். எங்களுக்கு அது கேட்கவில்லை. அரை வருஷம் கழித்து அந்த வீடியோ வெளியே வந்தது; மாணவர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள்; 1990 ஜூலையில் ம்லாதெனோவ் பதவி விலகினார். ஹாஸ்டலில் அந்தக் காட்சியைப் பார்த்தபோது எனக்கு அந்த ஒற்றைக் கையுறைதான் ஞாபகம் வந்தது. டாங்கிகள் வரவில்லை. எதிர்க்கட்சித் தலைவர் ஜேலியு ஜேலெவ் கெஞ்சிக் கேட்டுக்கொண்டு கூட்டத்தைக் கலைத்தார். நாங்கள் நடந்தே ஹாஸ்டலுக்குத் திரும்பினோம்.

    

 ஷிவ்கோவுக்கு ஜூரோவ் விசுவாசமாக இருந்திருக்கலாமே என்பீர்கள். அந்த விசுவாசத்துக்கு அன்று விலை கொடுத்திருக்க வேண்டியவர்கள் சாலையில் நின்ற நாங்களும், டாங்கிக்குள் உட்கார்ந்திருக்கும் பத்தொன்பது வயதுப் பையன்களும்.

ஜனவரியில் தோழியின் தம்பி லீவில் வந்தான். டிசம்பர் 14 இரவு என்ன செய்துகொண்டிருந்தாய் என்று அவள் கேட்டாள். அன்று சமையல் வேலை அவன் முறையாம். இரண்டு மூட்டை உருளைக்கிழங்கு உரித்தானாம்.