இருட்டில் நடந்த போருக்கு யார் சாட்சி?

அன்புள்ள ஐயா,

சென்ற மாதம் ஊரிலிருந்து வந்த உறவினர்களை நயாகராவுக்கு அழைத்துப் போனோம். சாப்பிடுவதற்காக லண்டீஸ் லேன் சாலையில் நிறுத்தியபோது, மேட்டின் மேல் ஒரு பழைய இடுகாடு இருப்பதைப் பார்த்தேன். 1812-இல் தொடங்கிய போரில், 1814-இல் பிரிட்டிஷ் படையும் அமெரிக்கப் படையும் அங்கே மோதிக்கொண்டதாகக் கல்வெட்டு சொன்னது. ஆர்வம் வந்து, அதில் சண்டையிட்ட சிப்பாய்கள் எழுதியவற்றை நூலகத்தில் எடுத்துப் படித்தேன். குழப்பம்தான் மிச்சம். மேடு எங்கள் கையில் இருந்தது என்று இரண்டு பக்கமும் சொல்கிறார்கள். ஒருவர் முப்பது ஆண்டுகள் கழித்து எழுதுகிறார். நேரில் நின்றவர்களே இப்படி மாற்றி மாற்றிச் சொன்னால் யாரை நம்புவது? பேசாமல் தளபதிகளின் அறிக்கைகளை மட்டும் படித்தால் போதாதா?

ஒரு வாசகர்,
ஸ்கார்பரோ

அன்புள்ள நண்பருக்கு,

அந்த மேட்டில் ஏறிப் பார்த்ததோடு நிற்காமல், அங்கே நின்றவர்களின் எழுத்தையும் தேடிப் படித்திருக்கிறீர்கள். அருவியைப் பார்க்க வருகிறவர்களில் பலர் அந்தச் சாலையை மோட்டல் வரிசையாக மட்டும் பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள்.

முதலில் மேடு யார் கையில் இருந்தது என்பதைப் பார்ப்போம். இரண்டு பக்கமும் சொல்வது உண்மைதான், நேரம்தான் வேறு. 1814 ஜூலை 25 மாலையில் சண்டை தொடங்கியபோது மேட்டின் உச்சியில் பிரிட்டிஷ் பீரங்கிகள் இருந்தன. இருட்டிய பிறகு அமெரிக்கர்கள் ஏறி அவற்றைப் பிடித்தார்கள். மீட்பதற்காக பிரிட்டிஷ் படை திரும்பத் திரும்ப ஏறி வந்து தோற்றது. நள்ளிரவு வாக்கில் தண்ணீரும் தோட்டாவும் தீர்ந்த அமெரிக்கர்கள், பிடித்த பீரங்கிகளில் பெரும்பாலானவற்றை அங்கேயே விட்டுவிட்டு சிப்பவா முகாமுக்குத் திரும்பினார்கள். மறுநாள் காலை மேடு மறுபடியும் பிரிட்டிஷ் கையில். பத்து மணிக்கு அடிபட்டுத் தூக்கிச் செல்லப்பட்ட அமெரிக்கன் 'மேடு எங்களுடையது' என்றுதான் சாகும்வரை சொல்வான். காலையில் பிணங்களுக்கு நடுவே கண்விழித்த பிரிட்டிஷ் சிப்பாயும் அதையேதான் சொல்வான். இருவரும் பொய் சொல்லவில்லை.

அப்புறம் அந்த இருட்டு. அந்தக் காலத்தில் பெரிய சண்டைகள் பொதுவாகப் பகலில் நடந்து, இருட்டியதும் நின்றுவிடும். இங்கே முக்கால்வாசிச் சண்டை இரவில் நடந்தது. கறுப்பு வெடிமருந்தின் புகை வேறு. இரண்டு பக்கமும் பேசியது ஆங்கிலம். 'யார் அங்கே?' என்று அதட்டினால், பதில் வரும் மொழியை வைத்து நண்பனா எதிரியா என்று சொல்ல முடியாது. தன் பக்கத்து ஆட்களையே சுட்டவர்கள் இரண்டு படையிலும் உண்டு. பிரிட்டிஷ் மேஜர் ஜெனரல் ரியால் கையில் காயம்பட்டுப் பின்வாங்கிக்கொண்டிருந்தார். ஜெனரலுக்கு வழி விடுங்கள் என்று அவருடைய உதவி அதிகாரி குரல் கொடுக்க, எதிரே நின்ற படை மரியாதையாக வழி விட்டது. அது அமெரிக்கப் படை! ஜெனரல் அப்படியே சிறைப்பட்டார். ஜெனரலுக்கே அந்தக் கதி என்றால், வரிசையில் நின்ற ஒரு சாதாரண சிப்பாய்க்கு எவ்வளவு தெரிந்திருக்கும்? இடப்பக்கத்து ஆள், வலப்பக்கத்து ஆள், எதிரே தெரிந்த நெருப்பு. அவ்வளவுதான்.

தளபதிகளின் அறிக்கை போதாதா என்கிறீர்கள். போதாது என்றே நினைக்கிறேன். பிரிட்டிஷ் தளபதி டிரம்மண்ட் எதிரிகள் ஐயாயிரத்துக்குக் குறையாது என்று எழுதினார். உண்மையில் வந்தவர்கள் ஏறத்தாழ அதில் பாதிதான். அமெரிக்கத் தளபதி பிரௌன் காயம்பட்டுக் களத்தைவிட்டுப் போனவர். மேடு கைவிட்டுப் போனதற்குத் தனக்கு அடுத்த நிலையில் இருந்த ரிப்ளிமீது பழி போட்டார். சிப்பாய் தன் தோளுக்கு எட்டிய தூரத்தை மட்டும் எழுதுகிறான் என்பது குறைதான். ஆனால் களம் முழுவதையும் பார்த்ததுபோல எழுதும் அறிக்கையை நம்புவதில் ஆபத்து அதிகம்.

பீரங்கிகளைப் பிடித்த 21-ஆம் ரெஜிமென்டின் கர்னல் ஜேம்ஸ் மில்லர், சண்டை முடிந்த மூன்றாம் நாள் மனைவிக்குக் கடிதம் எழுதினார். புதர் மண்டிய மரவேலி ஒன்றின் மறைவில் பதுங்கிப் போயிருக்கிறார்கள். பீரங்கிக்காரர்கள் கையில் எரியும் திரியோடு நிற்பது கண்ணுக்குத் தெரிகிற தூரம். வேலியின் மேல் துப்பாக்கியைச் சாய்த்து ஒரே வேட்டு, பிறகு பாய்ச்சல். அதற்குப் பின்னால் இருந்த பிரிட்டிஷ் வரிசையோடு சுட்டுக்கொண்டபோது, இருபுறத் துப்பாக்கிகளின் நெருப்பும் ஒன்றையொன்று குறுக்காக வெட்டிச் சென்றதாம். அவ்வளவு நெருக்கம். எந்த அறிக்கையிலிருந்து இது நமக்குக் கிடைக்கும்? அந்த ஓர் இரவில் ஒவ்வொரு பக்கமும் 850-க்கு மேற்பட்டவர்களை இழந்தது, செத்தவர், காயம்பட்டவர், காணாமல் போனவர், பிடிபட்டவர் எல்லாம் சேர்த்து. அது எப்படி நடந்தது என்பதற்கு மில்லரின் அந்த ஒரு வரி பதில் சொல்கிறது.

நீங்கள் படித்தவர்களில் ஷாட்ராக் பைஃபீல்டு இருந்தாரா தெரியவில்லை. இல்லையென்றால் தயவுசெய்து அவரைப் படியுங்கள். இங்கிலாந்தின் வில்ட்ஷயரைச் சேர்ந்த நெசவாளி, 41-ஆம் ரெஜிமென்டில் கடைநிலைச் சிப்பாய். லண்டீஸ் லேனில் உயிர் தப்பியவருக்கு, ஒன்பது நாள் கழித்து பஃபலோவுக்குப் பக்கத்தில் ஓர் ஓடைக் கரையில் இடது முன்னங்கையில் குண்டு பாய்ந்தது. கையை வெட்டி எடுத்தார்கள். கை எங்கே என்று கேட்டிருக்கிறார். குப்பைமேட்டில் போட்டுவிட்டேன் என்றான் பணியாள். அவனை அடிக்கவே எழுந்துவிட்டார் மனிதர். பிறகு கையைத் தேடி எடுத்துவந்து, நாலு பலகையை ஆணியடித்துச் சின்னச் சவப்பெட்டி செய்து புதைத்தார்கள். இதை எத்தனை முறை படித்தாலும் எனக்குத் தொண்டை அடைக்கும். ஊருக்குத் திரும்பினால் தெரிந்த தொழில் நெசவு. ஒரு கை நாடாவை ஓட்ட, இன்னொரு கை பலகையை இழுத்து அடிக்க வேண்டிய தொழில். ஒற்றைக் கையால் தறி ஓட்ட உதவும் ஒரு கருவியைக் கனவில் கண்டதாகவும், கொல்லரிடம் போய் அதைச் செய்ய வைத்துப் பிழைத்ததாகவும் எழுதுகிறார்.

இனி உங்கள் சந்தேகத்தின் நியாயமான பகுதிக்கு வருகிறேன். பைஃபீல்டின் நூல் வந்தது 1840-இல், அதாவது கால் நூற்றாண்டு கழித்து. ஓய்வூதியம் போதாமல், பெரிய மனிதர்களின் தயவை எதிர்பார்த்து வாழ்ந்த காலம். எனவே அதில் அவர் கடமை தவறாத வீரராக வருகிறார். 1851-இல் இன்னொரு சிறு நூல் எழுதினார். அதில் தன் பாவங்களைச் சொல்லி, கடவுளிடம் வந்து சேர்ந்த மனிதராக வருகிறார். ஒரே ஆள், ஒரே வாழ்க்கை. யாருக்காக எழுதுகிறார் என்பதற்கு ஏற்ப எதைச் சொல்வது, எதை விடுவது என்பது மாறிவிட்டது. ஆகவே இந்த எழுத்துகளைக் கையில் எடுக்கும்போது எப்போது, எதற்காக எழுதினார் என்று முதலில் கேளுங்கள். நேரம், எண்ணிக்கை, எந்தப் படை எங்கே நின்றது என்பதில் நினைவு வழுக்கும். தன் கையைப் புதைத்தது வழுக்காது.

89-ஆம் ரெஜிமென்டின் மருத்துவர் டன்லப்பின் நினைவுகள் அச்சானதும் 1847-இல்தான். நீங்கள் சொன்ன முப்பது ஆண்டுக்காரர் இவராகத்தான் இருக்கும். அன்று இரவுக் காயங்களோடு 220 பேர் தன்னிடம் வந்தார்கள் என்கிறார். அந்த எண்ணைச் சற்றே சந்தேகத்தோடு வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு நாள் உட்காராமல் வேலை செய்து, கடைசியில் நின்றபடியே தூங்கிப்போனதாக எழுதுகிறார். அவரிடம் வந்தவர்களில் ஒருவர் வயதான அமெரிக்க விவசாயி. தொடையெலும்பு முறிந்து, வயிற்றிலும் குண்டு. சமாதானக் கொடியோடு எல்லை தாண்டி அவர் மனைவி வந்து சேர்ந்தார். வைக்கோல் மேல் கிடந்த கணவரின் தலையை மடியில் வைத்துக்கொண்டு அந்த அம்மா சொன்னதை டன்லப் மறக்கவில்லை: அரசரும் ஜனாதிபதியும் இந்த நிமிடம் இங்கே இருந்து, தங்கள் சண்டை கொண்டுவந்த துன்பத்தைப் பார்க்கக்கூடாதா என்றாராம். சொல்லுக்குச் சொல் அப்படியே சொல்லியிருப்பாரா, முப்பது ஆண்டில் டன்லப் கொஞ்சம் செதுக்கியிருப்பாரா? செதுக்கியிருக்கலாம். அந்த அம்மா வந்ததையும் அழுததையும் நான் நம்புகிறேன்.

எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருவது வேறொன்று. அந்த இரவில் சண்டையிட்ட எல்லாரும் எழுதவில்லை. பிரிட்டிஷ் பக்கம் நின்ற பழங்குடி வீரர்களிடையிலிருந்து, செரோக்கி தந்தைக்கும் ஸ்காட்லாந்துத் தாய்க்கும் பிறந்து மோஹாக் மக்களின் தலைவர்களில் ஒருவரான ஜான் நார்ட்டனின் நீண்ட நாட்குறிப்பு நம்மிடம் இருக்கிறது. அவரோடு வந்த மற்றவர்களைப் பற்றிப் பெரும்பாலும் பிறர் எழுதியதுதான் கிடைக்கிறது. அதில் அச்சமும் இகழ்ச்சியும் கலந்திருக்கும்.

மேல் கனடாவின் (இன்றைய ஒன்டாரியோவின் தென்பகுதி) குடிப்படையில் இருந்த விவசாயிகளும் அதிகம் எழுதவில்லை. ஆனால் போருக்குப் பிறகு, இழந்த பொருளுக்கு ஈடு கேட்டு அந்தப் பகுதி மக்கள் அரசுக்குக் கொடுத்த மனுக்கள் கனடாவின் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. குதிரை, கம்பளி, வேலிக் கட்டை என்று பட்டியல் போடுகிறார்கள். சண்டைக்கு மறுநாள் எல்லாரையும் புதைக்க முடியாமல், பிணங்களை வேலிக் கட்டைகளை அடுக்கி எரித்தார்கள் என்று சிப்பாய்கள் எழுதியதைப் படித்திருப்பீர்கள். அந்த வேலிகளும் யாரோ ஒரு விவசாயியின் வேலிகள்தான். மனுக்களில் பெரும்பகுதி இணையத்திலேயே பார்க்கக் கிடைக்கிறது, கையெழுத்து மட்டும் கொஞ்சம் பழக வேண்டும். நீங்கள் அங்கேயே இருக்கிறீர்கள். நயாகரா வட்டாரத்து மனுக்களிலிருந்து தொடங்குங்கள். என்ன கிடைத்தது என்று எனக்கும் எழுதுங்கள்.

அன்புடன்.