ஒரு நாள் விற்பனையா, காபிக்கு 2 ரூபாயா?

கேள்வி: ஈரோட்டில் 40 பேர் உட்காரும் சைவ ஹோட்டல் நடத்துகிறேன். நாள் விற்பனை சுமார் 45,000 ரூபாய். கணவன் வீட்டுக் கொடுமையிலிருந்து தப்பி வரும் பெண்களுக்கு இல்லம் நடத்தும் ஓர் அறக்கட்டளையோடு சேர்ந்து, பெண்கள் மீதான வன்முறையை ஒழிப்பதற்கான நாளான வருகிற நவம்பர் 25 அன்று விற்பனையை அப்படியே அவர்களுக்குக் கொடுத்துவிடலாம் என்று ஆசை. பார்ட்னரான என் மைத்துனர், "அடுத்த வீட்டு விவகாரம், சோறு போடுகிற இடத்தில் எதற்கு?" என்கிறார். எப்படித் தொடங்குவது?
– ஹோட்டல் உரிமையாளர், ஈரோடு

பதில்: முதலில் மைத்துனருக்கு. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், நம் தமிழ்நாட்டில் 18 முதல் 49 வயது வரையுள்ள கல்யாணமான பெண்களில் நூற்றுக்கு 38 பேர் கணவரிடம் உடல் வன்முறையோ பாலியல் வன்முறையோ அனுபவித்ததாகச் சொல்லியிருக்கிறார்கள். மதியம் உங்கள் கடையில் சாப்பிட உட்காரும் பெண்களை மனதில் வைத்துக்கொண்டு அந்த எண்ணை இன்னொரு தடவை படிக்கச் சொல்லுங்கள். அதே கணக்கெடுப்பில் நாடு முழுவதும் பார்த்தால், வன்முறைக்கு ஆளானவர்களில் நூற்றுக்கு 77 பேர் யாரிடமும் உதவி கேட்கவில்லை, வாய் திறந்து ஒருவரிடம் சொல்லவும் இல்லை. பெற்ற அம்மாவிடம்கூட. அப்புறம், சோறு போடுகிற இடத்தில் எதற்கு என்றால், புதுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் ஆடி ஆவணியில் மொய் விருந்து வைக்கிறார்களே, இலை போட்டு வயிறாரச் சாப்பிட வைத்து, எழுந்து கை கழுவியவர்கள் மொய் எழுதிவிட்டுப் போவார்களே, அது நம் ஊர்ப் பழக்கம்தான். அங்கே வாங்கிய மொய்யைத் திருப்பிச் செய்ய வேண்டும், இங்கே வேண்டியதில்லை.

சரி, பணத்துக்கு வருவோம். ஒரு நாள் விற்பனை 45,000-ஐயும் தூக்கிக் கொடுத்தால் அரிசி, பருப்பு, எண்ணெய், கேஸ், ஆள் சம்பளம் எல்லாம் உங்கள் கையிலிருந்துதான் போகும். இந்த வருடம் சந்தோஷமாகச் செய்வீர்கள், அடுத்த வருடம் யோசிப்பீர்கள், மூன்றாவது வருடம் மைத்துனர் ஜெயித்துவிடுவார். அதற்குப் பதிலாக இப்படிக் கணக்குப் போட்டுப் பாருங்கள்: கடையில் ஒரு நாளைக்கு 200 காபி போகிறது என்று வைத்துக்கொள்வோம், காபிக்கு 2 ரூபாய் எடுத்து வைத்தால் நாளைக்கு 400, மாதம் 12,000, வருடத்துக்கு 1,44,000. கல்லாவுக்குப் பெரிதாக வலிக்காது. இல்லத்துக்கோ, மாதாமாதம் இவ்வளவு வரும் என்று நம்பிச் செலவைத் திட்டமிட முடிகிற பணம் இது. இல்லம் நடத்துகிறவர்களிடம் பேசிப் பார்த்தால் தெரியும், மார்ச் 8 மகளிர் தினத்தை ஒட்டியும் நவம்பரிலும் ஆட்கள் வரிசையாக வருவார்கள், கேக் வரும், பிரியாணி வரும், புடவை வரும். ஜூன் மாதக் கட்டட வாடகைக்கும் இரவு வார்டன் சம்பளத்துக்கும் ஆள் தேட வேண்டியிருக்கும்.

சில வருடங்களுக்கு முன்பு அப்படி ஓர் இல்லத்துக்குப் போயிருந்தேன். ஹாலில் பிரிக்காத புடவைக் கவர்கள் மேலே மேலே அடுக்கியிருந்தன. முந்தின இரவு வந்து சேர்ந்த ஒரு பெண், வீட்டில் போட்டிருந்த நைட்டி மேல் துண்டைப் போர்த்திக்கொண்டு ஓரமாக உட்கார்ந்திருந்தார். மகனுடைய ஸ்கூல் ஐடி கார்டின் கயிற்றை விரலில் சுற்றிச் சுற்றிப் பிடித்திருந்தார், எடுத்து வர முடிந்தது அது ஒன்றைத்தான். அன்று அவருக்கு வேண்டியிருந்தது உள்பாவாடை, ஒரு ஜோடி செருப்பு, சிம் கார்டு, பையனுக்குக் காய்ச்சல் மருந்து. அடுத்த மாதம் தனியாக வீடு பார்க்கும்போது ஐந்து மாத அட்வான்ஸ், ஒரு குக்கர், கேஸ் அடுப்பு, பையனுக்கு வேறு பள்ளியில் சேர டிசி. ரேஷன் கார்டிலிருந்து பேரை எடுத்துப் புதுக் கார்டு போட நாலு தடவை தாலுகா ஆபீஸுக்குப் பஸ் சார்ஜ். எது எப்போது வேண்டும் என்று அவர்களுக்குத்தான் தெரியும், அதனால் 'சாப்பாட்டுக்கு மட்டும்', 'சம்பளத்துக்குத் தொடக்கூடாது' என்றெல்லாம் கட்டுப் போடாமல் கொடுங்கள்.

எழுத்தில் போட்டுக்கொள்ளுங்கள், ஒரு பக்கம் போதும். எந்தப் பண்டத்துக்கு எவ்வளவு, எந்தத் தேதியிலிருந்து எதுவரை, எந்த வங்கிக் கணக்கு, மாதம் எத்தனாம் தேதி அனுப்புவீர்கள். 'லாபத்தில் பாதி' என்று மட்டும் எழுதவே எழுதாதீர்கள். எனக்குத் தெரிந்த ஓர் உணவகம் அப்படி போர்டு வைத்து ஒரு மாதம் முழுக்கக் கூட்டம் சேர்த்தது. கடைசியில் கணக்குப் பார்த்தால் லாபமே நிற்கவில்லை என்று கையை விரித்துவிட்டார்கள், அந்தப் பணத்தை நம்பி வக்கீலுக்கு வாக்குக் கொடுத்திருந்த இல்லத்துக்காரர் பட்ட பாட்டைப் பக்கத்திலிருந்து பார்த்தேன். காபிக்கு 2 ரூபாய் என்றால் பில் புத்தகம் சொல்லிவிடும், யாரும் யாரையும் சந்தேகப்பட வேண்டாம். பணத்தை வங்கி வழியாகவே அனுப்புங்கள். ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால், நன்கொடைக்கான வருமான வரிச் சலுகையும் கிடைக்காது.

நவம்பர் 25-ஐ விட வேண்டாம், அன்றைக்குத் தொடங்குங்கள். பெண்களுக்கு எதிரான வன்முறையை ஒழிப்பதற்கான நாளாக ஐ.நா. 1999-இல் அறிவித்தது அது. டொமினிக்கன் குடியரசில் சர்வாதிகாரியை எதிர்த்த மிராபால் சகோதரிகள் மூவர் 1960-இல் கொல்லப்பட்ட தேதி. ஆனால் மைக் பிடிக்கிற விழாவுக்கு அந்த இல்லத்துப் பெண்களைக் கூப்பிட வேண்டாம், "நன்றி சொல்ல யாராவது ஒருத்தர் வரட்டுமே" என்று கேட்கவே கேட்காதீர்கள். இல்லத்தின் முகவரியைப் போர்டில் போடாதீர்கள், உள்ளே போய் போட்டோ எடுக்காதீர்கள். குழந்தையின் முகத்தை மறைத்துவிட்டேன் என்பார்கள், போட்டிருக்கிற யூனிஃபார்மை வைத்தே பள்ளிக்கூடத்தைக் கண்டுபிடித்து வாசலில் வந்து நிற்கிற அப்பாக்கள் இருக்கிறார்கள்.

இன்னொன்று, காசு செலவில்லாதது. பெண்கள் கழிவறைக் கதவின் உள்பக்கம் 181 என்று ஸ்டிக்கர் ஒட்டுங்கள். 24 மணி நேரப் பெண்கள் உதவி எண். கணவனோடு வெளியே வந்த பெண் தனியாக இருக்கிற இரண்டு நிமிடம் அங்கேதான்.

கேள்வி: ஹோட்டல்காரர்கள் தர்மம் செய்கிறோம் என்று போர்டு வைப்பதெல்லாம் கூட்டம் சேர்க்கிற விளம்பரம்தானே?
– கல்லூரி மாணவர், சேலம்

பதில்: கூட்டம் சேர்ந்தால் நல்லதுதானே தம்பி, காபி கூடப் போனால் பணமும் கூடப் போகும். நான் பார்ப்பது ஒன்றே ஒன்று: போன மாதம் எவ்வளவு அனுப்பினோம் என்று அதே போர்டில் எழுதியிருக்கிறதா? இருந்தால் அந்தக் கடையிலேயே சாப்பிடுங்கள். நம்மைக் கேட்காமல் பில்லில் 'நன்கொடை' என்று சேர்த்திருந்தால் எடுக்கச் சொல்லுங்கள், கூச்சப்பட வேண்டாம். விருப்பப்பட்டுக் கொடுப்பதுதான் நன்கொடை.

கேள்வி: தீக்காயத் தழும்புள்ள பெண்கள் வேலை பார்க்கும் ஒரு கஃபேக்கு அம்மாவைக் கூட்டிப் போயிருந்தேன். பரிமாற வந்த பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு அம்மா "என்னம்மா ஆச்சு?" என்று அழுதே விட்டார். அந்தப் பெண் சிரித்துச் சமாளித்தார். எனக்குத்தான் மனசு ஆறவில்லை. நாங்கள் செய்தது தப்பா?
– வாசகி, சென்னை

பதில்: அம்மாவின் மனசில் தப்பில்லை. ஆனால் அந்தப் பெண்ணின் பக்கத்திலிருந்து பாருங்கள், அன்று அவர் டூட்டியில் இருக்கிறார், ஒவ்வொரு டேபிளிலும் ஒருவர் அதே கேள்வியைக் கேட்டால் ஒரே நாளில் எத்தனை தடவை மனசால், தீப்பிடித்த அந்தச் சமையலறைக்குள் திரும்பப் போய் வருவார்? அடுத்த முறை போனால் காபிக்குச் சர்க்கரை எவ்வளவு என்று சொல்லுங்கள், ரொட்டி நன்றாக இருந்தால் நன்றாக இருக்கிறது என்று சொல்லுங்கள். அது போதும்.

இந்த மாதிரி இடங்கள் எப்படி வந்தன என்பதையும் அம்மாவுக்குச் சொல்லுங்கள். சென்னை பீட்டர்ஸ் சாலையில், ஹிக்கின்பாதம்ஸ் புத்தகங்களுக்கு நடுவே, ரைட்டர்ஸ் கஃபே தொடங்கியபோது 'ஹாட் பிரெட்ஸ்' பேக்கரிகளைத் தொடங்கிய மகாதேவன் கைகோத்தது பி.சி.வி.சி. என்ற சென்னை அமைப்போடு. குடும்ப வன்முறைக்கு ஆளான பெண்களுக்காக 2001-இல் தொடங்கிய அமைப்பு அது, கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவமனைத் தீக்காயப் பிரிவுக்கு வரும் பெண்களோடும் வேலை செய்கிறது. அந்தப் பெண்களுக்கு பேக்கரி வேலை கற்றுக்கொடுத்துச் சம்பளத்துக்கு எடுத்துக்கொள்வது, கடையின் லாபம் அமைப்புக்குப் போவது என்பது அப்போது செய்த ஏற்பாடு. வடக்கே ஆக்ராவில், தாஜ்மகாலுக்குக் கிட்டத்தில், அமில வீச்சில் தப்பிய பெண்கள் நடத்தும் ஷீரோஸ் ஹேங்கவுட் கஃபே 2014 டிசம்பரில் திறந்தது. திறந்தபோது அங்கே மெனுவில் விலை கிடையாது, சாப்பிட்டவர் மனசுக்குப் பட்டதைக் கொடுக்கலாம் என்று வைத்திருந்தார்கள்.

தீக்காயத்துக்கும் குடும்ப வன்முறைக்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் கேட்கிறார்கள். "ஸ்டவ் வெடிச்சிடுச்சு" என்ற வார்த்தையை நம் ஊரில் எத்தனை வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறோம்! கட்டிலுக்குப் பக்கத்தில் கணவனோ மாமியாரோ நிற்கும்போது, பிள்ளைகள் அவர்கள் கையில் இருக்கும்போது, வாக்குமூலம் வாங்க வந்தவரிடம் அந்தப் பெண் வேறு என்ன சொல்வார்? அதிலிருந்து பிழைத்து, தோல் மாற்று சிகிச்சை, விரல் மடங்காத வலி எல்லாம் தாண்டி, மறுபடி ஓர் அடுப்புக்கு முன்னால் போய் நிற்பது சாதாரண விஷயம் இல்லை. அங்கே அவர் வாங்குவது சம்பளம். உண்டியல் குலுக்கிச் சேர்த்த பணத்தைவிட அதை நான் மேலாக மதிக்கிறேன், ஏனென்றால் திரும்ப அந்த வீட்டுக்குப் போகாமல் இருக்க வைப்பது பெரும்பாலும் அந்தச் சம்பளம்தான்.

கேள்வி: பணம் கொடுக்கத் தயார். எந்த அமைப்பு நிஜம், எது லெட்டர்பேடு என்று எப்படிக் கண்டுபிடிப்பது?
– வியாபாரி, திருநெல்வேலி

பதில்: வருமான வரித்துறையில் அறக்கட்டளையாகப் பதிவும், நன்கொடை கொடுப்பவருக்கு வரிச் சலுகை கிடைப்பதற்கான அனுமதியும் இருக்கிறதா என்று கேளுங்கள், போன வருட ஆடிட் கணக்கைக் கேளுங்கள். நிஜமாக வேலை செய்கிறவர்கள் கோபப்பட மாட்டார்கள். பெண்களைத் தங்கவைக்கிற இல்லம் என்றால் 2014-ஆம் வருடத்துத் தமிழ்நாடு விடுதிகள், இல்லங்கள் சட்டத்தின்படி உரிமம் வேண்டும். கலெக்டர் ஆபீஸில் மாவட்ட சமூகநல அலுவலரைப் பார்த்தால் உங்கள் மாவட்டத்தில் யார் யார் இதில் இருக்கிறார்கள் என்று சொல்லிவிடுவார். அங்கேயே 'சகி' என்கிற ஒருங்கிணைந்த சேவை மையத்தைப் பற்றியும் கேளுங்கள். மத்திய அரசு 2015-இல் தொடங்கிய திட்டம், அதில் ஒரு பெண் பொதுவாக 5 நாள் தங்கலாம். ஆறாவது நாள் எங்கே போவார்? உங்கள் பணம் அங்கேதான் வேண்டும்.

கேள்வி: திண்டுக்கல்லில் மெஸ் வைத்திருக்கிறேன். காய்கறி நறுக்குகிற அக்காவின் முழங்கையில் புதுசாகச் சூடு வைத்த தழும்பு. கேட்டால் "எண்ணெய் தெறிச்சிடுச்சு" என்கிறார். எண்ணெய் அப்படி நேர்கோடாகத் தெறிக்காது என்று சமையல்காரனான எனக்குத் தெரியாதா? சனிக்கிழமை வந்து அவர் சம்பளத்தை வாங்கிப் போவது அவர் வீட்டுக்காரர். நான் என்ன செய்வது?
– மெஸ் உரிமையாளர், திண்டுக்கல்

பதில்: நீங்கள் கவனித்ததே பெரிய விஷயம். கோபத்தில் அந்த ஆளைக் கூப்பிட்டு மிரட்டிவிடாதீர்கள். அதன் விலையை அன்று ராத்திரி அக்காதான் கொடுப்பார், அடுத்த நாளிலிருந்து வேலைக்கும் வர மாட்டார். மதியக் கூட்டம் ஓய்ந்த நேரமாகப் பார்த்து, மற்றவர்கள் காதில் விழாத இடத்தில், கடையில் உள்ள வேறொரு பெண்ணையோ உங்கள் வீட்டம்மாவையோ வைத்து ஒரே ஒரு தடவை பேசச் சொல்லுங்கள்: "எப்ப வேணும்னாலும் சொல்லுக்கா, வேலை போயிடாது." அன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை என்றால் துருவ வேண்டாம். ஒரு மாதம் கழித்து அவரே வருவார்.

சொன்னார் என்றால், குடும்ப வன்முறைச் சட்டம் 2005 என்று ஒன்று இருக்கிறது, 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறையில். அடிப்பது மட்டும் இல்லை, பெண்ணின் சம்பளத்தைப் பிடுங்குவதும் அந்தச் சட்டத்தில் வன்முறைதான். வீடு அவர் பேரில் இல்லாவிட்டாலும் அங்கே இருக்கிற உரிமை அவருக்கு உண்டு, மாஜிஸ்திரேட் பாதுகாப்பு உத்தரவும் ஜீவனாம்சமும் கொடுக்கலாம். மனுவை 60 நாளுக்குள் முடிக்கப் பார்க்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது, நடைமுறையில் இழுக்கும், அதையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். வக்கீலுக்குப் பணம் வேண்டாம். மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு, வருமானம் எவ்வளவு இருந்தாலும், இலவசம். இந்தச் சட்டத்துக்காக அரசு நியமித்திருக்கிற பாதுகாப்பு அலுவலரிடம் நீங்களே தகவல் கொடுக்கவும் சட்டம் இடம் தருகிறது, நல்ல எண்ணத்தில் சொன்னவர் மேல் வழக்கு வராது. ஆனாலும் அக்கா சரி என்று சொன்ன பிறகு செய்யுங்கள், கிளம்புவதற்குச் சரியான நேரம் எது என்று அவருக்குத்தான் தெரியும்.

அதுவரை முதலாளியாக நீங்கள் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. ஆதார், ரேஷன் கார்டு, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ் நகல்களை உங்கள் கல்லாவில் ஒரு கவரில் பூட்டி வையுங்கள். கோர்ட்டுக்கோ ஆஸ்பத்திரிக்கோ போகிற நாளில் சம்பளம் பிடிக்காதீர்கள். அவர் பேரில் மட்டும் ஒரு வங்கிக் கணக்கு தொடங்க வழி செய்யுங்கள், பாஸ்புக்கும் அதே கவரில் இருக்கட்டும். சம்பளத்தைக் கேட்டு அந்த ஆள் வந்தால் "கணக்குப்பிள்ளை இனிமே வேலை பார்த்தவங்க கையிலதான் கொடுக்கணும்னு சொல்லிட்டார்" என்று பொதுவாகச் சொல்லுங்கள், அக்காவைக் காட்டிக்கொடுத்தது போல இருக்கக் கூடாது. கடையில் எல்லோருக்கும் அதே முறையை வையுங்கள், மாஸ்டரிலிருந்து பாத்திரம் கழுவுகிறவர் வரை. முழுப் பணமும் திடீரென்று வீட்டுக்கு வராமல் போனால் அடி விழும் என்று அக்கா பயந்தால், எவ்வளவு கையில், எவ்வளவு கணக்கில் என்று அவரையே முடிவு செய்யச் சொல்லுங்கள். இந்தச் சனிக்கிழமைக்குள் அவரிடம் அதைக் கேட்டுவிடுங்கள்.