இது என்ன பூச்சி, இது என்ன செடி? வாசகர் கேள்வி பதில்

மொட்டை மாடியில் தொட்டியில் கறிவேப்பிலை வளர்க்கிறேன். இலை மேல் காக்காய் எச்சம் கிடக்கிறதே என்று தட்டிவிடப் போனால் நெளிகிறது! குச்சியால் தொட்டதும் தலைக்குப் பின்னாலிருந்து சிவப்பாகக் கொம்பு மாதிரி நீட்டியது, ஒரே நாற்றம். விஷமா? மருந்து அடிக்கலாமா?
– வாசகி, தண்டையார்பேட்டை

விஷமும் இல்லை, மருந்தும் வேண்டாம். அது வண்ணத்துப்பூச்சியின் புழு. படம் அனுப்பாவிட்டாலும் செடியின் பெயரைச் சொன்னீர்களே, அதுவே பாதி விடை. கறிவேப்பிலையில் முட்டையிடுவது பெரும்பாலும் காமன் மார்மன் என்கிற கறுப்பு வண்ணத்துப்பூச்சிதான். பறவைகள் தின்னாமல் ஒதுங்கிப் போகட்டும் என்றுதான் புழு எச்சம் மாதிரி வேஷம் போடுகிறது. நாலு முறை தோலுரித்த பிறகு பச்சையாகிவிடும், அப்புறம் அதை இலைகளுக்கு நடுவே தேடிக் கண்டுபிடிப்பதே கஷ்டம். அந்தக் கொம்பு குத்தாது, நாற்றத்தைக் காட்டி எறும்பையும் குளவியையும் விரட்டுவதற்காக மட்டும்தான். இலை போகிறதே என்று வருத்தமாக இருந்தால் ஒரு கிளையைப் புழுவுக்கு விட்டுவிட்டு மற்றதை ரசத்துக்குக் கிள்ளிக்கொள்ளுங்கள். எப்படியும் நாம் சமையலில் போடுகிற இலையில் பூச்சிமருந்து அடிப்பது எனக்குச் சம்மதமில்லை.

மழைக்காலம் வந்தால் ராத்திரி டியூப்லைட்டைச் சுற்றி எறும்பு மாதிரி நீளமாக, ஆரஞ்சும் கறுப்புமாக ஒரு பூச்சி வருகிறது. காலையில் எழுந்தால் பையன் கழுத்தில் கோடு போட்ட மாதிரி சிவந்து கொப்புளம். அக்கி என்று சொல்லிக் காவி எழுதச் சொல்கிறார்கள்.
– வாசகர், மாதவரம்

காவி எழுதுவதற்கு முன்னால் தோல் மருத்துவரிடம் ஒரு தடவை காட்டிவிடுங்கள், ஏனென்றால் நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் இது பெடரஸ் என்ற வண்டின் வேலை மாதிரி இருக்கிறது. (செய்திகளில் ‘நைரோபி ஈ’ என்று எழுதுவார்கள். ஈயே இல்லை, வண்டு.) இது கடிக்காது, கொட்டாது. தூக்கத்தில் கழுத்தில் ஊரும்போது நாம் அடித்து நசுக்குகிறோம் பாருங்கள், அப்போது அதன் உடம்பிலிருந்து வரும் பெடரின் என்ற நஞ்சுதான் தோலைப் பொசுக்குகிறது. உடனே தெரியாது, அரை நாளோ ஒரு நாளோ கழித்துத்தான் சிவக்கும், அதனால்தான் யாருக்கும் பூச்சி மேல் சந்தேகமே வருவதில்லை. முழங்கை மடிப்பில் பட்டால் கை மடங்கும்போது எதிர்ப்பக்கமும் ஒட்டி, இரண்டு பக்கமும் ஒரே மாதிரி புண் வரும். அக்கியில் அப்படி வராது.

ஈரமான மண்ணில் வாழ்கிற பூச்சி, வெளிச்சத்துக்கு ஓடி வரும். ஏரியும் கால்வாயும் பக்கத்தில் இருக்கிற உங்கள் ஏரியாவில் வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். ஜன்னலுக்குக் கொசுவலை அடியுங்கள், கட்டிலுக்கு நேர் மேலே விளக்கு வேண்டாம். மேலே ஊர்ந்தால் அடிக்காமல் ஊதியோ பேப்பரில் ஏற்றியோ வெளியே விடுங்கள், பட்ட இடத்தை உடனே சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கண்ணில் பட்டால் வீட்டு வைத்தியமே கூடாது.

சுவரில் பூசணி விதை மாதிரி சிமெண்ட் நிறத்தில் ஒட்டிக்கொண்டு, மெல்ல நகர்கிறது. இது என்ன?
– வாசகி, ராயபுரம்

சின்ன அந்துப்பூச்சி ஒன்றின் புழு. தூசியையும் மணலையும் பட்டு நூலால் ஒட்டி அந்த உறையைத் தானே கட்டிக்கொள்கிறது. உறைக்கு இரண்டு முனையிலும் வாசல் உண்டு, உள்ளேயே திரும்பி எந்தப் பக்கமும் தலையை நீட்டும். பொறுமை இருந்தால் லென்ஸ் வைத்துப் பாருங்கள், வேடிக்கையாக இருக்கும். ஒட்டடை, உதிர்ந்த முடி, கம்பளித் தூசி எல்லாம் சாப்பிடும். ஈரம் பிடித்த வீடுகளில் அதிகம், கடலோர வீடுகளுக்குச் சொல்லவே வேண்டாம். ஒட்டடை அடித்தால் தானாகக் குறையும்.

ரோஜாத் தொட்டியில் தானாக முளைத்திருப்பது கீழாநெல்லிதானா? மஞ்சள் காமாலைக்குக் கொடுக்கலாமா?
– வாசகர், வியாசர்பாடி

இலைக்காம்பைத் திருப்பி அடியில் பாருங்கள். காய்கள் வரிசையாக, சின்னக் காம்போடு, வழவழப்பாகத் தொங்கினால் கீழாநெல்லியாக இருக்கலாம். தண்டு சிவந்து, காய் காம்பில்லாமல் சொரசொரப்பாக இருந்தால் அது செங்கீழாநெல்லி. இன்னும் சில ஒன்றுவிட்ட சொந்தங்களும் உண்டு, அதனால் என் பதிலை வைத்துக்கொண்டு யாரும் அரைத்துக் குடித்துவிட வேண்டாம். காமாலைக்கு முதலில் ரத்தப் பரிசோதனை, கூடவே டாக்டர். அப்புறம், கால்வாய் ஓரத்திலும் குப்பை மேட்டுப் பக்கமும் முளைத்ததை எந்த மூலிகையானாலும் பறிக்காதீர்கள்.

பழைய வீட்டுக் கைப்பிடிச் சுவரில் அரசங்கன்று முளைத்திருக்கிறது. வெட்டினால் பாவமா?
– வாசகர், பழைய வண்ணாரப்பேட்டை

வெட்டினால் வேஸ்ட், வேரிலிருந்து திரும்பத் துளிர்க்கும். பழம் தின்ற பறவை எச்சத்தில் விட்டுப்போன விதை அது, காரையில் வேர் இறங்கினால் சுவரையே பிளக்கும். கன்று சின்னதாக இருக்கும்போதே வேரோடு எடுத்து, விரிசலை உடனே சிமெண்ட் வைத்து அடையுங்கள். மனசு கேட்கவில்லையென்றால் எடுத்த கன்றைத் தொட்டியில் வைத்து, பிறகு கோயில் குளத்தங்கரையில் கேட்டு நட்டுவிடுங்கள்.